வெளியூர்த் தராசு

என் அண்ணன் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி. அதனால் எனக்கு ஒரு லாபமும் இருந்ததில்லை, நஷ்டம்தான். நிறுக்கிறவருடைய வீட்டுப் பெண் வரிசையில் நின்றால் அவள் கூடையை அவர் தொடக்கூடாது என்று எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். பக்கத்து டிவிஷன் கிராணி மோட்டார் சைக்கிளில் வந்து நிறுத்துவிட்டுப் போவார். அவர் தம் வேலையை முடித்துக்கொண்டுதானே வரமுடியும்? மற்றப் பெண்களெல்லாம் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டியிருப்பார்கள். நான் மட்டும் தலையில் பிளாஸ்டிக்கைப் போர்த்திக்கொண்டு, கொட்டகை ஓரத்தில் என் கூடைக்குக் காவல் நிற்பேன். கொழுந்து வாட வாட எடை குறையுமே என்ற வயிற்றெரிச்சல் வேறு.

ஒருநாள் பொறுக்காமல் அண்ணனிடம் கேட்டுவிட்டேன். அவர் தராசுக் கொக்கியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நான் நிறுத்தா, தங்கச்சிக்குக் கூட்டிப் போட்டான்னு ஊரு சொல்லும். ஊருக்குப் பயந்து கொறச்சுட்டான்னு நீ சொல்லுவ. அவன் நிறுத்தா ஒருத்தரும் வாயத் தொறக்க முடியாது லா. நில்லு."

நின்றேன். கல்யாணமாகி, மகள் பிறந்து, முழங்கால் சரிவில் ஏற மறுக்கும் வரைக்கும் அப்படித்தான் நின்றேன்.

அதன்பிறகு மேட்டுப் பங்களாவில் எனக்குச் சமையல் வேலை கிடைத்தது. அங்கே இருந்தவரை எல்லோரும் பழைய துரை என்போம். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சீமைக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்ட வெள்ளைக்காரர். தேயிலைக்கு வரும் நோய்களைப் பற்றிப் படித்தவர். நம் தமிழை நம்மைப் போலவே பேசுவார். என் வீட்டுக்காரர் லோரி ஓட்டப் போய்விடுவார், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால் மகள் பள்ளிக்கூடம் விட்டு நேராகப் பங்களா அடுப்படிக்கு வந்துவிடுவாள். சாப்பிட்டுவிட்டு அவருடைய பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தேயிலைச் செடிக்குள் புகுந்தால், கூப்பிட்டால்தான் வருவாள். இலையில் கொப்புளம் கொப்புளமாக ஒரு நோய் வரும். அதைப் பார்ப்பதில் அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். கூச்சக்காரி. தானா ராத்தா டவுன் கடைகளில் எனக்கு வேண்டியதை விரலால் காட்டித்தான் வாங்குவேன். பஸ்ஸில் போகும்போது நிறுத்தச் சொல்லி வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம் வரைக்கும் போய், அங்கிருந்து நடந்தே திரும்பியிருக்கிறேன். இதைச் சொன்னால் என் பேரப் பிள்ளைகள் நம்புவதில்லை.

மகள் யுனிவர்சிட்டிக்குப் போனாள். எங்கள் லைன் வீடுகளிலிருந்து அப்படிப் போன முதல் பெண் அவள்தான். விவசாயப் படிப்பு. கடைசி வருஷம் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி செய்து காட்டவேண்டுமாம். அவள் அந்தக் கொப்புள நோயையே எடுத்துக்கொண்டாள். பங்களாவுக்குக் கீழே உள்ள மலையில், ஆபீசில் கேட்டு நான்கு வரிசைச் செடிகளுக்குச் சிவப்புத் துணி கட்டி, லீவில் வரும்போதெல்லாம் அங்கேயே கிடந்தாள்.

அப்போதுதான் வெளித் தேர்வாளர் என்ற ஒருவரைப் பற்றி எனக்குச் சொன்னாள். பாடம் நடத்தியவர்களே மார்க்குப் போட்டால் போதாது. அந்த யுனிவர்சிட்டியோடு சம்பந்தமே இல்லாத ஒருவரை வெளியிலிருந்து நியமிக்கவேண்டும். அவர் வந்து எல்லாவற்றையும் பார்த்து, போட்ட மார்க்கு சரி என்று சொன்னால்தான் பட்டம்.

"பக்கத்து டிவிஷன் கிராணி மாதிரியா?" என்று கேட்டேன்.

"அதேதாம்மா" என்று சிரித்தாள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு என் மகள் படிப்பது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. கெட்டவள் இல்லை. நான் பிரசவத்தில் கிடந்தபோது எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவளே அவள்தான். ஆனால் நாக்கு மட்டும் கவாத்துக் கத்தி. ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில், எனக்குக் கேட்கவேண்டும் என்றே மற்றவர்களிடம் சொன்னாள்.

"தொர பங்களா சோத்துல வளந்த கொழுந்து. எட கொறஞ்சா தொரையே கைய வச்சு அமுக்கிக் குடுப்பாரு. நம்ம புள்ளைங்களுக்கு யாரு இருக்கா?"

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வேறென்ன செய்ய? என் மகள் என்ன படித்தாலும், எவ்வளவு மார்க்கு வாங்கினாலும், இந்தப் பேச்சு அவளோடு கூடவே வரும் என்பது மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றது.

பரீட்சைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஒரு கார் பங்களாவுக்கு வந்தது. வந்தவர் என் மகள் படிக்கும் துறையின் தலைவர், மலாய்க்காரர், அமைதியான மனிதர். அந்த வருஷத்துக்கு நியமித்திருந்த வெளித் தேர்வாளருக்கு உடம்பு சரியில்லையாம், வரமுடியாது என்று தந்தி கொடுத்துவிட்டாராம். வேறு ஒருவர் உடனே வேண்டும். தேயிலை தெரிந்த படிப்பாளி பழைய துரையை விட்டால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று மலையேறி வந்துவிட்டார். பாதி ஆங்கிலத்திலும் பாதி மலாயிலும் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஆங்கிலம் போனாலும் மலாய் மிஞ்சியது, அதை வைத்தே விஷயம் புரிந்துவிட்டது.

பரீட்சை எழுதும் பிள்ளைகளில் யாராவது உங்களுக்குச் சொந்தமா என்று தலைவர் முறைப்படி கேட்டார். இல்லை என்றார் துரை. பொய் இல்லை, அவர் எங்களுக்கு என்ன சொந்தம்? தலைவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு போய் நின்றேன். துரை என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக, தலைவருக்குப் புரியாத தமிழில் சொன்னார்.

"ஒன் மக பேப்பர நாந்தான் பாக்கப் போறேன். சந்தோசந்தானே?"

சந்தோஷப்படாமல் இருக்க முடியுமா? அவர் பார்த்தால் என் மகளுக்கு நல்லதுதான் நடக்கும். அந்த நல்லதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கொட்டகை ஓரத்தில் மழையில் நின்றதெல்லாம் கண்முன் வந்தது. தட்டை மேசையில் வைத்தேன். தலைவர் பக்கம் திரும்பி, அவர் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில் பேசினேன். பரீட்சை, தேர்வாளர் என்பதற்கெல்லாம் அந்த நேரத்தில் மலாய் வாயில் வரவில்லை. வந்த சொல்லைக் கொண்டு சொன்னேன்.

"துவான், அந்தப் பிள்ளைகள்ல ஒண்ணு என் பிள்ளை. இந்த வீட்டு அடுப்படியில வளந்தது. இவங்க நிறுக்கக் கூடாது. வெளி ஆளு வந்து நிறுக்கணும்."

ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். அதற்கு முன்னால் ஒரு பெரிய மனிதரிடம் அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை.

துரையின் முகம் சிவந்துவிட்டது. தலைவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மலாயில் மெதுவாக, எனக்குப் புரியவேண்டும் என்றே சொன்னார். சொந்தம் மட்டும் இல்லை, நெருங்கிய பழக்கமும் இருக்கக்கூடாது என்பது விதிதானாம். சொந்தமா என்று கேட்டேனே தவிரப் பழக்கமா என்று கேட்க மறந்துவிட்டேன், நல்ல வேளை சொன்னீர்கள் அம்மா என்றார். துரை வேறு சிலர் பெயரைச் சொன்னார். ஒவ்வொருவரும் யார் என்று தலைவர் விசாரித்தார். எல்லோரும் துரையின் பழைய நண்பர்கள். வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

பிறகு வாரங்கள் ஓடின. ஆள் கிடைக்கவில்லை. வெளித் தேர்வாளர் இல்லாமல் அந்த வருஷம் யாருக்கும் பட்டம் இல்லை என்று பேச்சு வந்தது. மகள் தோட்ட ஆபீசுக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிட்டாள். நடந்ததைத் தலைவர் அவளிடம் சொல்லியிருந்தார். திட்டுவாள் என்று நினைத்துப் போன் குழாயைக் காதில் வைத்தேன்.

"எல்லாரும் என்னாலதான் நிக்குதுன்னு சொல்றாங்கம்மா" என்றாள். பிறகு, "பரவால்ல, நிப்போம்" என்றாள்.

என் அண்ணன் வீடு இருந்த திசையைப் பார்த்துக் கும்பிடலாம் போல் இருந்தது.

துரையும் இரண்டொரு நாள் என்னோடு பேசவில்லை. சூப்பில் உப்பு இல்லை என்று சொல்லக்கூட வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு காலையில் அவரே அடுப்படிக்கு வந்து, நீ சொன்னதுதான் சரி, எனக்கு அவள்மேல் பாசம், எனக்குத் தராசு பிடிக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சூப்புக்கு உப்புச் சரியாகப் போட்டேன்.

கடைசியில் ஆள் கிடைத்தது. அஸ்ஸாமிலிருந்து ஓர் அம்மா. அங்கே தேயிலை ஆராய்ச்சியில் பெரிய பதவியாம். துரையைத் தெரியாது, எங்கள் தோட்டத்தைத் தெரியாது, இந்த நாட்டுக்கே முதல்முறை வருகிறார். யுனிவர்சிட்டியிலும் ஒப்புக்கொண்டு அவரை நியமித்துவிட்டார்கள். பேப்பர் பார்ப்பதற்கு முன்னால் செடிகளை நேரில் பார்க்கவேண்டும் என்று சொன்னாராம், அதனால் மலைக்கே வருகிறார் என்று சேதி வந்தது.

அவ்வளவுதான், எங்கள் லைன் அமளிதுமளியாகிவிட்டது. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தால் மாலை போட்டு, மேளம் வைத்து, போகும்போது ஒரு கூடை கோசும் முள்ளங்கியும் காரில் ஏற்றிவிடுவது எங்கள் வழக்கம். பரீட்சை பார்க்க வருகிறவரை வெறுங்கையோடு அனுப்பினால் தோட்டத்துக்கு என்ன மரியாதை? இதில் முன்னால் நின்றது யார் என்றால், அதே பக்கத்து வீட்டு அக்காதான். கியா பார்ம் சந்தைக்கு ஆள் விட்டு ஸ்ட்ராபெரி வாங்கி வைத்து, விடியற்காலையிலேயே செவ்வந்தி மாலையும் கட்டி, லைன் முகப்பில் நின்றாள். யாருக்காக? என் மகளுக்காக. அவள் நாக்கு ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும்.

நான் ஓடிப்போய் மாலையைப் பிடித்துக்கொண்டேன்.

"போடக் கூடாதுக்கா."

"ஏன்டி? வர்றவங்க மனசு குளுந்தா ரெண்டு மார்க்கு கூடப் போடுவாங்கல்ல?"

"அதுக்குத்தான் கூடாதுங்கறேன். அப்புறம் குழாயடியில நீங்களே சொல்லுவீங்க, மால போட்டு வாங்குன மார்க்குன்னு."

சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அக்கா மாலையைக் கூடைக்குள் போட்டு, அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தி, பிணத்தைத் தூக்குவது போல் வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனாள்.

துரை அன்று காலையிலேயே கம்போங் ராஜா பக்கம் வேலை இருக்கிறது என்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அங்கே என்ன வேலை? ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த அம்மா வந்தார். பருத்திச் சேலை, அதன்மேல் மழைக்கோட்டு, காலில் பூட்ஸ். சிரிக்கவில்லை. செடி செடியாகப் போனார். இலையைத் திருப்பிப் பார்த்தார், மகளைக் கேள்வி கேட்டார், மறுபடி திருப்பிப் பார்த்தார். சாரல் அடித்தது, அவர் நகரவில்லை, அதனால் மகளும் நகரவில்லை. நான் தூரத்தில் நின்றேன். தலைவர் என்னைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, அந்த அம்மா கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். தம் பிளாஸ்கிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றிக் குடித்தார். பக்கத்துப் பேக்டரியிலிருந்து வறுத்த கொழுந்து வாசம் மலையெல்லாம் மணக்கிறது, ஒரு கோப்பை தேத்தண்ணீரைக்கூடத் தொடவில்லை. எங்கள் தோட்டத்துக்கு வந்து தேத்தண்ணீர் குடிக்காமல் போன மனிதப் பிறவி அவர் ஒருவர்தான்.

ரிசல்ட் போனில் வந்தது. ஆபீசில் இருந்த கிராணி ஒருவர் மூச்சு வாங்க மேட்டுப் பங்களாவுக்கு ஏறி வந்தார். முதல் வகுப்பு. அந்த ஆராய்ச்சிக்கு யுனிவர்சிட்டியில் போட்டிருந்த மார்க்கைப் பார்த்துவிட்டு, இது குறைச்சல், ஏற்றுங்கள் என்று அந்த அம்மாவே சொன்னாராம். துரை வராந்தாவில் உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

நான் அன்றே இனிப்பு வாங்க தானா ராத்தாவுக்குப் போனேன். விரலால் காட்டவில்லை, லட்டு வேண்டும் என்று வாயால் கேட்டேன். திரும்பும்போது எங்கள் முக்கு வந்ததும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுத்தேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பஸ் நின்றது.

அண்ணன் அப்போது வேலையை விட்டு வீட்டில் இருந்தார். லட்டை வாங்கிக்கொண்டு, "எட எவ்வளவுன்னு நான் கேக்கல. யாரு நிறுத்தது?" என்றார்.

"வெளியூரு ஆளுண்ணா."

"அப்ப சரி" என்று வாயில் போட்டுக்கொண்டார்.

குழாயடியில் எல்லோரும் அக்காவின் முகத்தையே பார்த்தார்கள். வாளி நிறைந்ததும் அவள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அந்தப் பொம்பள நம்ம தேத்தண்ணியக்கூடத் தொடல. அவ போட்ட மார்க்க யாரு என்னான்னு சொல்றது?" என்றாள். அதைவிடப் பெரிய பட்டத்தை எந்த யுனிவர்சிட்டியும் என் மகளுக்குக் கொடுத்திருக்க முடியாது.

வெளித் தேர்வாளரை ஒரு வருஷத்துக்கு மட்டும் நியமிப்பதில்லையாம். அடுத்த வருஷமும் அந்த அம்மாவே வந்தார். அதற்குள் என் மகள் விவசாய இலாக்காவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், பரீட்சை எழுதும் பிள்ளை இல்லை. தம் வேலையெல்லாம் முடிந்த பிறகு மலையேறி, எங்கள் லைன் வீட்டுக்கே அவர் வந்துவிட்டார். வாசல் பலகையில் உட்கார்ந்து ஏதோ சொன்னார். மகள் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னாள்: போன வருஷம் வெறும் வாசத்தோடு ஊருக்குப் போனேன், அதன்பிறகு எந்தத் தேத்தண்ணீரும் ருசிக்கவில்லை என்கிறார்.

நான் கொடுத்த முதல் கிளாசை அவர் குடித்து முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அக்கா புதுச் செவ்வந்தி மாலையோடு வெளியே வந்தாள். எனக்கு முன்னால் வந்து நின்று கேட்டாள்.

"இப்பவாச்சும் போடலாமா, தாயே?"

"போடுங்கக்கா" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.

அந்த அம்மா கழுத்தை நீட்டினார். அப்படியே கையிலிருந்த கிளாசை என்னிடம் நீட்டினார், இன்னொன்று என்று.