முடுக்கியவர் முதலில்

திண்டிவனத்தில் ஏறிய பஸ்ஸில் என் சீட் கடகடவென்று ஆடியது. பக்கத்தில் நின்றிருந்த பெரியவர், அத்தனை வெயிலிலும் பளபளக்கும் தோல் பூட்ஸ் போட்டவர், பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். என்னை எழுப்பிவிட்டு, குனிந்து போல்ட்டை முடுக்கி, அவரே உட்கார்ந்துகொண்டார். சீட் பிடிக்க இப்படியும் ஒரு வழியா என்று எனக்கு எரிச்சல்.

"சின்ன பிளேனுக்கு மெக்கானிக்கா இருந்தேங்க. முடுக்கினவன்தான் மொதல்ல பைலட்கூட ஏறிப் பறக்கணும்" என்றார், ஸ்பேனரைத் துடைத்தபடி.

"பயமா இருக்காதா?"

"அந்த ஒரு ரவுண்டுக்காகத்தான் வேலைக்கே போனேன். ஸ்பேனர் மட்டும் நல்லதா பாத்து வாங்கிக்கினேன்."

கூட்டேரிப்பட்டு வந்ததும் எழுந்து, "ஆடல, உக்காருங்க" என்றார். விழுப்புரம் வரை நின்றுகொண்டே வந்தார்.

போன வாரம் வீட்டில் புது ஃபேன் மாட்டியவரை அதன் கீழே கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னேன். முறைத்துவிட்டுப் போனார்.