எந்தப் பக்கம் திரும்பினாலும் தெற்கு

நாமக்கல் லாரிப்பேட்டையில் காளியண்ணனைத் தெரியாதவர்கள் குறைவு. முப்பது வருஷம் நேஷனல் பர்மிட் வண்டி ஓட்டியவர். அசாம் வரைக்கும் முட்டை, பஞ்சாப் வரைக்கும் ஜவ்வரிசி. இத்தனை தூரம் போய் வந்தும் ஒரு மனிதரிடம்கூட வழி கேட்டதில்லை என்பது அவருடைய பெருமை.

"ஸ்டியரிங் புடிச்சவன் வழி கேட்டான்னா, அப்பறம் வண்டியே அவன மதிக்காது" என்பார்.

அந்தப் பெருமையில் ஒரு ஓட்டை இருந்தது. அதை அவர் மனைவி பொன்னாயி மட்டும் அறிவாள். ஒவ்வொரு முச்சந்தியிலும் கிளீனர் தலையை வெளியே நீட்டி வழி கேட்பான். அந்த நேரம் பார்த்துக் காளியண்ணன் கண்ணாடியைத் துடைப்பார், காது கேட்காதவர் போல. பொன்னாயி இதை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பெண்ணின் நெஞ்சுக்குள் எத்தனை ரகசியங்கள் உறங்குகின்றன!

இடுப்பு வலி முற்றியபோது வண்டியை விட்டுவிடச் சொன்னார் டாக்டர். சாவியை முதலாளியிடம் கொடுத்த அன்று காளியண்ணன் அழவில்லை. ஆனால் டேஷ்போர்டில் இருந்த பிள்ளையாரைக் கையில் எடுத்தபோது அவர் கண்கள் குளமாயின. கட்டைவிரல் உயரமே உள்ள பித்தளைப் பிள்ளையார். இரும்புத் தகட்டைக் கப்பென்று பிடித்துக்கொண்டு, எந்தப் பள்ளத்திலும் அசையாமல், அவரோடு இந்தியா முழுக்கச் சுற்றியவர். வீட்டில் மனைவியும் மகளும் உறங்கிய ராத்திரிகளில் அவருக்குத் துணையாக விழித்திருந்தவர். அன்றிலிருந்து பிள்ளையார் அவருடைய சட்டையின் இடது பையில், இதயத்துக்கு நேராக, குடியேறினார்.

மகள் ஜீவா சேலத்தில் வேலைக்குப் போனாள். அங்கே உடன் வேலை செய்த ஜெயபிரகாஷ் அவள் மனதைக் கவர்ந்தான். நல்ல பையன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏதாவது மலை ஏறப் போய்விடுவான் என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. காளியண்ணனுக்கும் பொன்னாயிக்கும் பூரண சம்மதம்.

தடையாக நின்றவர் பையனின் தாய், சேந்தமங்கலம் கந்தம்மாள். கணவர் போன பிறகு ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று ஊரில் சொல்வார்கள். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருக்கும் ஒருவரின் மகளை அவர் மனதுக்குள் மருமகளாக்கி வருஷம் ஒன்றாகியிருந்தது. மகன் சோற்றைத் தொட மாட்டேன் என்று உட்கார்ந்ததும் ஒரு முடிவுக்கு வந்தார்.

"கரட்டு மேல கன்னிமார்கிட்டப் பூக் கேப்போம். வெள்ளப் பூவும் செவப்புப் பூவும் ரெண்டு பொதியாக் கட்டிப் பொண்ணு ஊட்டுக்காரங்க கொண்டாரட்டும். வெள்ளப் பூ வந்தா உம்பட இஷ்டம். செவப்பு வந்தா நாஞ் சொல்ற புள்ள. உச்சிப் பூசை முடிஞ்சா பூசாரி நடையச் சாத்திருவாரு. அதுக்குள்ள அவுங்க வந்து சேரலீன்னா, சாமிக்கு இஷ்டமில்லைன்னுதான் அர்த்தம். இன்னொண்ணு. பூக் கெடைக்கறதுக்கு முந்தி ரெண்டு ஊட்டுக்காரங்களும் ஒரே தடத்துல ஏறக் கூடாது. அது எங்க வழக்கம்."

எருமப்பட்டிக்கு அப்பால் இருக்கும் அந்தக் கரடு ஒரு பாறைக் குன்று. அதற்கு மேற்கே படிக்கட்டு உண்டு. அதைக் கந்தம்மாள் எடுத்துக்கொண்டார். பெண் வீட்டுக்கு மிஞ்சியது வடக்கு. அங்கே உண்ணிச்செடியும் கள்ளியும் மூடிய ஒரு ஒற்றையடித் தடம், அதுவும் பாதி தூரம்தான். செல்போன் சிக்னல் அடிவாரத்தோடு சரி.

ஜெயபிரகாஷ் சும்மா இருப்பானா? கரட்டின் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து, திசை காட்டும் டிஜிட்டல் வாட்ச் ஒன்றையும் வாங்கி ஜீவாவிடம் கொடுத்தனுப்பினான். போனில் பாடமும் நடத்தினான்.

"மாமா, நீங்க ஏறப்போறது வடக்கால இருந்துங்க. கோயில் நேர் தெக்க. வாட்ச்ச நெஞ்சுக்கு நேராப் புடிச்சுட்டு, தெக்குன்னு காட்டற பக்கமே நடங்க, போதும். மொதல்ல கையக் காத்துல எட்டுப் போடற மாதிரிச் சுத்தோணும். அப்பறம், இரும்பு, காந்தம் எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாதுங்க."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் சாமி."

உண்மையிலேயே பார்த்துக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமை காலை, அடிவாரத்தில் சாவிக்கொத்தைக் காரிலேயே வைத்தார். செல்போனை ஜீவாவிடம் கொடுத்துப் பின்னால் வரச் சொன்னார். வெற்றிலைப் பெட்டி போயிற்று. பெல்ட் போயிற்று, இடது கையில் வாட்ச், வலது கையில் வேட்டி என்று நின்றார். அதோடு விட்டாரா?

"பொன்னாயி, சீலைல ஊக்குக் குத்தியிருக்கறயா?"

"குத்தாம பின்ன?"

"கழட்டு. இரும்பு."

"ஏனுங்க, கன்னிமார் கோயலுக்கு நான் சீலையக் கையில புடிச்சுட்டா வாரது?"

"புள்ள கலியாணம் பெருசா, ஊக்குப் பெருசா?"

ஊக்குகளும் காருக்குள் போயின. பிள்ளையார் மட்டும் சட்டைப் பையில் இருந்தார். அவரை இரும்போடும் காந்தத்தோடும் சேர்த்து நினைக்கக் காளியண்ணனுக்குத் தோன்றவே இல்லை. அவருடைய காலடியில் இருந்த கறுப்பு வட்டம், காளியண்ணனைப் பொறுத்தவரை, பீடம்.

பொன்னாயியின் கூடையில் தேங்காய், பழம், புளிச்சோற்றுப் பொட்டலம். அவற்றின் மேல், ஒரே அளவான இரண்டு வாழையிலைப் பொதிகள். ஒன்றில் செவ்வரளி. மற்றதில் வெள்ளரளி இருந்திருக்க வேண்டும். சந்தையில் அன்று வெள்ளரளி வரவில்லை என்பதால் ஒரு கை மல்லிகையை வைத்துக் கட்டியிருந்தாள். இரண்டு பொதிகள்! ஒன்றில் மகளின் வாழ்வு, மற்றதில் அவளுடைய கண்ணீர்!

ஏற ஆரம்பித்தார்கள். காளியண்ணன் காற்றில் எட்டுப் போட்டார். வாட்ச்சை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார்.

"தெக்கு!" என்று நேராகக் கையை நீட்டினார்.

தடம் இருந்த வரை சிக்கல் இல்லை. தடம் முடிந்த இடத்தில் ஒரு பெரிய பாறை குறுக்கே நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு வந்து வாட்ச்சைப் பார்த்தார்.

"தெக்கு! பாத்தியா, அச்சு மாறாமப் போறோம்."

ஒரு கள்ளிப் புதரை விலக்கிக்கொண்டு வலது பக்கம் திரும்பினார்கள். தெற்கு. பள்ளம் ஒன்று வந்தது, இடது பக்கம் திரும்பினார்கள். அதுவும் தெற்கு.

"அப்பா, மேப்புல பள்ளமே இல்லீங்களே" என்றாள் ஜீவா.

"மேப்பு காயிதம் கண்ணு. வாட்ச் மிஷினு. எதெ நம்பறது?"

இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகு பொன்னாயி நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, மொதல்ல வெயில் எடது கன்னத்துல அடிச்சுது. இப்ப முதுகுல அடிக்குது. அப்பவும் தெக்குங்கறீங்க, இப்பவும் தெக்குங்கறீங்க. தெக்கு எத்தனைதான் இருக்குது?"

"பேசாம வா. முப்பது வருஷம் யாரையும் வழி கேக்காம வண்டி ஓட்டுனவன் நான்."

"கேட்டதெல்லாம் கிளீனருங்க" என்றாள் பொன்னாயி.

முப்பது ஆண்டு ரகசியம் அந்த ஒரு நொடியில் மகளின் முன்னால் உடைந்து சிதறியது. காளியண்ணன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். நம்பியவர்களே முதுகில் குத்தும்போது ஒரு ஆண்மகன் பார்க்கும் பார்வை அது. பிறகு விறுவிறுவென்று தெற்கே நடந்தார். அதாவது, அவர் முகம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம்.

அந்தப் பெரிய பாறை மறுபடியும் எதிரே வந்தது. சுற்றிக்கொண்டு போனார்கள். சற்று நேரத்தில் அதே பாறை மீண்டும் வந்து நின்றபோது ஜீவா பையைக் கீழே போட்டுவிட்டு விசும்பினாள்.

"பொழுது உச்சிக்கு வந்துருச்சுப்பா. அவுங்கம்மா இதுக்குத்தான் காத்துட்டு இருக்காங்க. நாம வரலீன்னா திருச்செங்கோட்டுப் புள்ளதான்."

மகளின் கண்ணீரைப் பார்த்ததும் காளியண்ணனின் வைராக்கியம் உருகி ஓடியது. யாராவது ஆடு மேய்ப்பவர் கண்ணில் பட மாட்டாரா என்று நாலு பக்கமும் தேடினார். அப்போதுதான் பாறைக்கு மறுபக்கம், ஊஞ்ச மரத்தடியில், பட்டுச் சேலை ஒன்று தெரிந்தது. அவர் ஓடினார். தம் வாழ்நாளில் முதல் முறையாகத் தம் வாயாலேயே கேட்டார்.

"ஏம்மா, கோயலுக்கு எந்தத் தடத்துல போவோணுமுங்க?"

பட்டுச் சேலை திரும்பியது. கந்தம்மாள்!

"அது தெரிஞ்சா நான் ஏனுங்க இங்க உக்காந்திருக்கறேன்?"

காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வீங்கிப் போயிருந்தது.

"ஏனுங்கக்கா, படிக்கட்ட உட்டுட்டு இங்க எப்பிடி?" என்று பொன்னாயி பதறிப்போய் அருகில் உட்கார்ந்தாள்.

கந்தம்மாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீங்க வழக்கத்த மதிச்சு வடக்கு வழியா வாறீங்களா, இல்ல திருட்டுத்தனமா எங்க படியில ஏறறீங்களான்னு பாத்துட்டு வரலாமுன்னு எறங்குனேன். தடமுந் தப்பிப் போச்சு, கல்லும் பொரண்டுருச்சு."

"ஒரு சத்தம் போட்டிருந்தா உங்க பையன் ஓடியாந்திருப்பாரே!"

"வேவு பாக்க வந்தவ சத்தம் போட்டா, கவுரவம் என்னாவறது?"

பொன்னாயி தண்ணீர் கொடுத்தாள். தன் முந்தானையைக் கிழித்துக் காலில் கட்டினாள். காலைத் தூக்கி ஜீவா தன் மடியில் வைத்துக்கொண்டாள். கந்தம்மாள் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. பிறகு இழுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் மேலே எங்கிருந்தோ மணி அடித்தது. உச்சிப் பூசை. அந்த ஓசை ஜீவாவின் நெஞ்சில் சம்மட்டியாய் இறங்கியது. இனி ஓடினாலும் பயனில்லை.

காளியண்ணன் சட்டைப் பையில் கை விட்டுப் பிள்ளையாரை வெளியே எடுத்தார்.

"ஏஞ் சாமி! அசாம் மழையில என்னைய உட்டுட்டுப் போனயா? பஞ்சாப் பனியில உட்டுட்டுப் போனயா? எம்பட புள்ளைக்குன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டேன். ஆளக் கைவிட்டுட்டயே!"

கோபத்தில் வாட்ச்சையும் கழற்றிப் பாறை மேல் வைத்தார். பிள்ளையாரை அதன் பக்கத்தில் வைத்தார். கப்பென்று பிள்ளையார் போய் வாட்ச்சில் ஒட்டிக்கொண்டார்.

ஜீவா அழுகையை நிறுத்தினாள். பிள்ளையாரைப் பிய்த்து எடுத்தாள். வாட்ச்சைச் சுற்றி ஒரு வட்டம் நகர்த்தினாள். திரையில் இருந்த முள் பிள்ளையார் போன பக்கமெல்லாம் போனது.

"அப்பா, இது காந்தம்."

"பிள்ளையாரக் காந்தங்காத கண்ணு, தப்பு."

"பையில இவர வெச்சுட்டு நெஞ்சுக்கு நேரா வாட்ச்சப் புடிச்சிருக்கறீங்க. நீங்க எந்தப் பக்கம் திரும்புனாலும் அது தெக்குன்னுதாம்ப்பா காட்டும்!"

பொன்னாயி, "அப்பறம் எதுக்கு என்ற ஊக்கெல்லாம் கழட்டுனீங்க?" என்றாள், சேலையை இழுத்துப் பிடித்தபடி.

அப்போது ஒரு வினோதமான சத்தம் கேட்டது. கந்தம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார். கால் வலிக்க வலிக்க, கண்ணில் நீர் வழிய வழிய, மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்பக் காலையில இருந்து இந்தச் சாமிதான் உங்களச் சுத்த உட்டுச்சாங்கண்ணா? சுத்த உட்டு, கடைசீல எங்கிட்டக் கொண்டாந்து நிறுத்துச்சாக்கு?"

சிரிப்பு அடங்கியதும் கந்தம்மாள் தன் கால் இருந்த மடியைப் பார்த்தார். பிறகு, மடிக்குச் சொந்தக்காரியின் அழுது வீங்கிய முகத்தைப் பார்த்தார்.

"கன்னிமார் நடை சாத்தியிருப்பாங்க. என்னாலயும் ஏற முடியாது. சாமிகிட்டப் பூக் கேக்கறமுன்னு சொன்னேன், இதுவுஞ் சாமிதான். அந்தப் பொதி ரெண்டையும் எடுங்க."

பிள்ளையார் பாறை மேல் அமர்த்தப்பட்டார். பொன்னாயி கண்ணை மூடிக்கொண்டு பொதிகளைக் கலைத்து அவர் முன்னால் வைத்தாள்.

"நானே எடுக்கறேன்" என்றார் கந்தம்மாள்.

முதல் பொதியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கீழே வைத்தார். இரண்டாவதை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். கண்ணில் ஒற்றிய கை கொஞ்சம் கீழே நழுவி, மூக்கருகே சற்று நேரம் நின்றது. பொன்னாயி அதைப் பார்த்தாள்.

"இது" என்றார் கந்தம்மாள்.

காளியண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜீவா பொதியை வாங்கினாள். நாரை அவிழ்த்தாள். இலை விரிந்தது.

மல்லிகை!

பிள்ளையாரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காளியண்ணன் போட்ட சத்தத்தில், மேலே தாயைத் தேடிக்கொண்டிருந்த ஜெயபிரகாஷ் புதருக்குள் பாய்ந்து இறங்கி வந்தான். படிக்கட்டு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

"அம்மா! என்னாச்சுங்கம்மா?"

"கத்தாத. பூக் கெடச்சிருச்சு. மாமனார் சட்டப் பையில சாமி இருக்குது, தூர நின்னு கும்புடு. வாட்ச் கெட்டுப் போயிரும்."

ஒரு பக்கம் மகனும் மறு பக்கம் ஜீவாவும் தாங்கிக்கொள்ள, கந்தம்மாள் எழுந்தார். காளியண்ணன் வாட்ச்சை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு, பிள்ளையாரோடு ரொம்பத் தூரம் பின்னால் வந்தார். பொன்னாயி கந்தம்மாளின் காதருகே குனிந்தாள். அதுவரை சொல்லத் துணியாத வார்த்தையை முதன்முதலாகச் சொன்னாள்.

"சம்பந்தியம்மா, பொதியப் பிரிக்கறதுக்கு முந்தியே உங்களுக்கு மல்லி வாசம் தெரிஞ்சுதுங்களா?"

கந்தம்மாள் முகத்தை வழக்கம்போல இறுக்கிக்கொண்டார்.

"எனக்கா? ஒரு வாரமாச் சளி புடிச்சு மூக்கே அடச்சுக் கெடக்குது. ஒரு வாசமுந் தெரியாது."

நாலு எட்டு வைத்ததும் நின்றார். பொன்னாயியின் கூடையைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லெண்ண ஊத்திக் கெளறுன புளிச்சோறாட்ட இருக்குது? நெம்ப நல்லா மணக்குது. படியில உக்காந்து ஆளுக்கு ஒரு வாய் சாப்பிடலாமுங்க."