அன்வர் அண்ணன் கொடுத்த அவுட்

அன்வர் அண்ணன் இறந்துவிட்டார். இன்று மதியம், ஷிப்டு முடிந்து கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்... மாரடைப்பு.

கர்நாடக எல்லையை ஒட்டிய எங்கள் மூக்கண்டப்பள்ளியில் கபடி பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். எங்கள் பெண்கள் டீமும் கர்நாடகா டீமும் மோதினால் அவர்தான் நடுவர்.

அவருக்கு ஒரு வழக்கம். யார் அவுட்டோ, அவர்களுக்குத்தான் முதலில் சொல்வார், அவர்கள் மொழியில். "ஔட்டாயித்தம்மா" என்று கன்னடத்தில் ஆரம்பித்தால் அந்தப் பக்கத்துப் பெண் அவுட்.

இது தெரியாமல் எங்கள் தெருவில், "பாய் வாயத் தெறந்தா கன்னடந்தான் வருது, அவரு அவங்க ஆளு" என்றார்கள். அவர் கன்னடம் அதிகம் பேசிய மேட்செல்லாம் நாங்கள் ஜெயித்தது!

கர்நாடகா டீம் கோச்சுக்கும் கோபம். "நீங்க இந்தத் தெருக்காரர்தானே, வேற எப்படி விசில் ஊதுவீங்க?" என்றார்.

எங்கள் ஆள் ஒருவர் டீ நீட்டினார். "வேணாம்ப்பா. நீ குடுத்தா அவரு திட்டுவாரு, அவரு குடுத்தா நீ திட்டுவ. தண்ணியே குடிச்சிக்கறேன்" என்று அண்ணன் சிரித்தார்.

போன பைனலில் கடைசி ரெய்டு என்னுடையது. ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறேன்... விசில். என்னிடம்தான் முதலில் வந்தார். "அவுட்டும்மா. ஓரக் கோட்டத் தாண்டிட்ட."

என் அப்பா மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். "எல்லை தாண்டி அத்திப்பள்ளிலயே போயி குடியிரு பாய்!" பிறகு என்னைப் பார்த்து, "நீ சொல்லு, தாண்டினியா?"

"இல்லப்பா" என்றேன்.

அதன்பிறகு யாரும் அவரை நடுவராகக் கூப்பிடவில்லை. ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது, "பிராக்டீஸ் போறியாம்மா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான்.

சாயங்காலம் அப்பா சொன்னார், "அந்த வீட்டுக்கு நம்ம வீட்லேர்ந்து யாரும் போகக் கூடாது."

இப்போது போர்வைக்குள் போனை வைத்து எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. அப்பாவும் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார். விடிந்ததும் படிப்பார்.

படிக்கட்டும். என் கால் கோட்டுக்கு வெளியேதான் இருந்தது, முழுப் பாதமும். மண்ணில் தடம்கூடப் பார்த்தேன். அவர் சொன்னது சரி, நான் சொன்னது பொய்.

யார் சொன்னாலும் இதை அழிக்க மாட்டேன்.

காலையில் அடக்கம். எடுப்பதற்குள் வந்துவிடுகிறேன், அண்ணா.