பதினொரு மில்லிமீட்டர்

இதை நம்புங்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். தேதியும் நேரமும் எழுதி வைத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

என் மனைவி அனிதா மூளைக் கட்டியால் மே மாதம் இறந்தாள். வயது இருபத்தொன்பது. டிசம்பரில் அவள் அண்ணன் தனசேகர் நாமக்கல்லிலிருந்து வந்தார். ஜனவரியிலேயே ஸ்கேன் எடுத்து, கட்டி இருப்பதை நான் மறைத்துவிட்டேன் என்று யாரோ சொன்னார்களாம். போலீசுக்குப் போவதாகச் சொன்னார். எடுத்தது ஒரே ஸ்கேன், ஏப்ரல் 9-இல் என்றேன். அந்த சி.டி. என்னிடம் இருந்தது.

"அழிச்சுட்டு வேற எழுதியிருந்தா, மாப்ள?"

செவ்வாய்ப்பேட்டையில் சண்முகவேலின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். புதன், மாலை 4.10. அழித்து எழுதும் வட்டில் உலோகக் கலவை இருக்கும், லேசர் அதை உருக்கி எழுதும், மறுபடி சூடாக்கினால் அழிந்துவிடும் என்று விளக்கினார். பிறகு என் வட்டை வெளிச்சத்தில் சாய்த்தார். "இது அப்படி இல்லீங்க. சாயத்தைச் சுட்டு எழுதறது. ஒருக்கா சுட்டா சுட்டதுதான்."

எழுதிய பகுதி நடுவிலிருந்து கறுத்த வளையமாகத் தெரிந்தது. ஸ்கேல் வைத்தேன். அகலம் எட்டு மில்லிமீட்டர். உள்ளே ஏப்ரல் 9 மட்டும்.

மச்சானுக்குச் சந்தேகம் தீரவில்லை. உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின் மேல் கையெழுத்துப் போட்டார். நான் பீரோவில் பூட்டினேன்.

சனி, காலை 11.20. அவர் கண்முன் பிரித்தேன். ஒட்டு கலையவில்லை.

வளையம் பதினொரு மில்லிமீட்டர்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

மறுபடி அதே கடை. மிச்ச இடத்தில் சேர்த்து எழுதலாம், ஆனால் எழுதும் டிரைவில் போட்டிருக்க வேண்டும் என்றார் சண்முகவேல். என் வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை.

வட்டு சுற்றியது. க்ர்ர்... நின்றது. க்ர்ர்...

இரண்டு பதிவுகள்.

இரண்டாவது, நவம்பர் 18, மாலை 4.40. அனிதா. வயது 30.

படம் திறந்தது...

கட்டி இல்லை.

திங்கள் காலை 9.05. ஸ்கேன் சென்டர். வரவேற்பில் இருந்த சரிதா என்ற பெண் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். நவம்பர் 18. அனிதா. உடன் வந்தவர் என்ற இடத்தில் கையெழுத்து.

என்னுடையது.

"நீங்கதானுங்க அக்காவைக் கூட்டியாந்தீங்க. ஒண்ணுமில்ல, நல்லாயிருக்காங்கன்னு சொன்னதும் இங்கயே உக்காந்து அழுதீங்களே..."

மச்சான் என் பக்கத்திலிருந்து மெல்ல விலகி நின்றார். அதன் பிறகு போலீஸ் பேச்சை எடுக்கவில்லை. என்னோடும் பேசவில்லை.

நவம்பர் 18 அன்று நான் அயோத்தியாப்பட்டணத்தில் வேலையில் இருந்தேன். ஆபீசில் கேட்டேன். கைரேகைப் பதிவில் நான் வெளியேறிய நேரம் மாலை 6.02.

அனிதா போன நாளிலிருந்து நான் ஒருமுறைகூட அழுததில்லை.