நூற்று அறுபது கிலோமீட்டர் மாப்பிள்ளை

போன கிழமை என் மச்சான் ரூபனுக்குக் கல்யாணம். என் மனைவியின் தம்பி. பெண் துஷ்யந்தி, வெல்லாவெளியில் டீச்சர்.

மாப்பிள்ளைக் கார் எது தெரியுமா? ஜப்பானில் ஓடிக் களைத்து, இங்கே வந்து சேர்ந்த ஒரு எலக்ட்ரிக் கார். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதை வேறு யாரையும் தொட விடமாட்டான். ஆகவே மாப்பிள்ளையே டிரைவர்!

"அத்தான், ஒருக்கா சார்ஜ் போட்டா நூற்றி அறுபது கிலோமீட்டர். புத்தகத்திலயே கிடக்கு."

கல்லடியிலிருந்து வெல்லாவெளி அதில் கால்வாசித் தூரம்தான். பிறகென்ன பயம்? ஆனால் முதல் நாள் மாலை நண்பர்களை ஏற்றி ஊர் முழுக்கச் சுற்றியிருந்தான். இரவு கரண்ட் இல்லை. காலையில் மாலை எடுக்கச் செங்கலடி போய் வந்தான். இதெல்லாம் புத்தகத்தில் இல்லையே...

சொந்தக்காரர்களின் வேன்கள் முன்னால் போய்விட்டன. நாங்கள் நாலு பேர் — ரூபன், நான், என் மனைவி, அவர்களின் அம்மாவான என் மாமி. பின்னால் பலகாரப் பெட்டிகள். ஏசி முழு வேகத்தில். பட்டு வேட்டி கசங்கக்கூடாதாம். ஆக்சிலேட்டரிலும் கல்யாண அவசரம்.

களுவாஞ்சிக்குடி தாண்டிப் பட்டிருப்புப் பாலத்தில் ஏறும்போது ரூபனின் முகம் மாறியது. மீட்டரில் மீதி பதினொரு கிலோமீட்டர். போகவேண்டிய தூரமும் ஏறக்குறைய அதுதான். வாவிக்காற்று வேறு எதிரே நின்று தள்ளியது.

போன் அடித்தது. துஷ்யந்தி. "எங்க நிக்கிறீங்க? ஐயர் கேக்கிறார்."

"பாலத்தில. இந்தா வாறம்..." ரூபனின் குரலில் பாதிச் சார்ஜ்தான்.

கணக்கு லேசானது. வீட்டு லைட் பில்லில் வருகிற அதே யூனிட்தான். இந்தப் பற்றரி இருபது யூனிட் பிடிக்கும் என்று வையுங்கள். யூனிட்டுக்கு எட்டுக் கிலோமீட்டர் ஓடினால் நூற்று அறுபது. ஐந்து ஓடினால்? நூறுதான். எட்டா, ஐந்தா என்பதை முடிவு செய்வது வேகம், ஏசி, பாரம், காற்று. பற்றரிக்கு வயது போனால் அந்த இருபதும் குறையும். புத்தகக் கணக்கு எடுத்த இடத்தில் மட்டக்களப்பு வெயிலும் இல்லை... எங்கள் மாமியும் இல்லை!

"ஏசிய நிப்பாட்டிப் போட்டு மெள்ளமா ஓட்டு" என்றேன்.

"வேர்க்கும் அத்தான். அம்மாக்கு ஏலாது."

மாமி பின்சீட்டிலிருந்து சொன்னார். "சுனாமியில கடல் வந்த அண்டைக்குப் பனையப் பிடிச்சுக்கொண்டு தப்பினனான். வேர்வைக்கா பயம்? நிப்பாட்டு மகன்!"

ஏசியை நிறுத்தினான். கண்ணாடிகளைக் கொஞ்சம் இறக்கினோம். கார் நாற்பதில் ஊர்ந்தது. என் மனைவி முந்தானையால் தம்பிக்கு விசிறினாள்.

இந்தப் பாலத்தை நினைத்த நேரம் கடக்க முடியாத வருடங்கள் இருந்தன. கல்லடியில் எங்கள் வீட்டை அலை கொண்டுபோனது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் துஷ்யந்தியின் வீட்டைச் சண்டை கொண்டுபோனது. இன்று எங்கள் ஒரே கவலை பற்றரி! மனசுக்குள் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் ரூபன் கத்தினான். "அத்தான், கூடுது!"

உண்மைதான். பதினொன்று பன்னிரண்டானது. பிறகு பதின்மூன்று. காருக்கு ஜோசியம் தெரியாது — கடைசியாக ஓட்டிய விதத்தை வைத்துத்தான் மீதித் தூரத்தைச் சொல்கிறது. அடக்கமாக ஓட்டினால் அதற்கும் நம்பிக்கை வருகிறது. பிள்ளையாரே என்று மாமி கைகூப்பினார். பாவம், பாராட்டு முழுவதும் பிள்ளையாருக்கே போனது.

வயல்களைத் தாண்டிப் பந்தலுக்குள் நுழைந்தோம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எஞ்சின் சத்தமே இல்லையே! மேளகாரர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தானே கதவைத் திறந்து, தொப்பலாக நனைந்து இறங்கியதைக் கண்டதும் கோப்பையை வைத்துவிட்டு மேளத்துக்குப் பாய்ந்தார். துஷ்யந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எங்கள் பக்க வழக்கப்படி மாப்பிள்ளை பெண்வீட்டில் தங்கினான். காரும் தங்கியது, அடுப்படிப் பிளக்கில்.

நேற்று இருவரும் விருந்துக்கு வந்தார்கள். ஓட்டி வந்தது துஷ்யந்தி. மீட்டரைப் பார்த்தேன், பாதிக்கு மேலே மிச்சம்.

"இது எவ்வளவு தூரம் ஓடும் பிள்ள?" என்று கேட்டேன்.

"அது ஆர் ஓட்டுறது எண்டதப் பொறுத்து அண்ணா."

பக்கத்து சீட்டில் ரூபன் — ஏசி இல்லாமல், வேர்த்து வழிந்து, சிரித்துக்கொண்டிருந்தான்.