கழுவாத பாட்டில் என்று சொன்னார்கள்

ஐம்பதுகளின் கடைசியில் ஆலங்குடிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். அப்போதெல்லாம் மருந்துக்கு ஜனங்களே வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவர வேண்டும். கம்பவுண்டர் ஜன்னல் வழியாக வாங்கி ஊற்றிக் கொடுப்பார்.

ஒருநாள் காலையில் கடலைக்கொல்லையில் வேலை செய்கிற ஒருவர் தன் மனைவியை மாட்டுவண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார். முந்தின நாள் இருமலுக்கு மருந்து வாங்கிப்போன பெண். உதடும் நாக்கும் வெந்திருந்தன. எச்சில் விழுங்க முடியாமல் வழியவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் நீட்டிய பாட்டிலைத் திறந்தேன். கற்பூரமும் டர்ப்பன்டைனும் குப்பென்று அடித்தன. மூட்டுவலிக்கு மேலே தேய்க்கிற தைலம்.

டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார். கம்பவுண்டரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்ததும் அந்தக் கணவரைத்தான் திட்டினார். மண்ணெண்ணெய்ப் பாட்டிலைக் கழுவாமல் கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும் என்றார். கம்பவுண்டர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். பாட்டில் கொல்லைப்புறம் போய்விட்டது.

அந்த மனிதர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "எங்க மேலதாங்க தப்பு," என்றார்.

அவரைத் தனியாக அழைத்து, தப்பு அவர்களுடையது இல்லை, மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தார்.

"தெரியும்மா. சத்தமாச் சொல்லாதீங்க. நாளைக்கு ஒண்ணுன்னா நாங்க இங்கதான வரணும்."

அவள் பிழைத்தாள். குரல்தான் திரும்பவில்லை, காற்று மாதிரி வந்தது. வீட்டுக்குப் போகிற அன்று கணவர் டாக்டருக்கு ஒரு கோழி கொண்டுவந்தார். கால் கட்டிய அந்தக் கோழியைக் கம்பவுண்டரே டாக்டர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

பிறகு திருச்சியிலிருந்து பெரிய டாக்டர் பார்வையிட வந்தார். எல்லோர் முன்னாலும் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கை துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பொம்பளை செத்துட்டாளா?"

"இல்லைங்க."

"பிறகென்ன?"

எங்கள் டாக்டர் சிரித்தார். கம்பவுண்டரும் சிரித்தார். அடுத்த மாதம் என்னை இலுப்பூர்ப் பக்கம் மாற்றினார்கள். பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது மருந்து ஜன்னலில் வழக்கம்போல் கூட்டம். கம்பவுண்டர் யாரையோ பாட்டில் நாறுகிறதென்று அதட்டிக்கொண்டிருந்தார்.