தேநீருக்கு ஒரு விரல்

சுங் பாக்-லியூங், 1947–2019. ஹாங்காங் தீவில் டிராம் ஓட்டியவர். நெடுங்காலம் மணம் செய்துகொள்ளாமல் இருந்தார். அதற்குக் கொள்கை எதுவும் காரணம் அன்று. இளமையில் இரவுப் பணி, நடுவயதில் தாயாரின் நோய், அதன்பின் வெறும் பழக்கம். அவர் ஓட்டிய வண்டியைப் போலவே அவருடைய வாழ்வும் தண்டவாளத்தை விட்டு இறங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பத்தாறாம் வயதில் இறங்கியது. இறங்கிய இடம், சாய் யிங் புன் கடைத்தெருவில், மீன்கடைகளுக்கு மேல் மாடியில் இருந்த பொற்கயல் தேநீர் மாளிகை.

ஞாயிறு காலையில் அங்கே தனி மேசை கேட்பவரைச் சித்தம் கலங்கியவர் என்றுதான் நினைப்பார்கள். சாப்பிடுகிறவர் கடைசி வாயை விழுங்கும் முன்பே அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று நாற்காலியைப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் எதிரே யிப் லாய்-குவானைக் கண்டார் சுங். பெண்கள் பள்ளியில் தையல் கற்பித்து ஓய்வு பெற்றவர்; கணவரை இழந்தவர்; சிரிக்கும்போது வாயைக் கையால் மறைக்கத் தெரியாதவர். அடுத்த ஞாயிறும் அதே வட்ட மேசை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஆளாக, குதிரைப் பந்தயப் பக்கத்துக்குள் முகத்தைப் புதைத்தபடி கூ என்ற கிழவர் ஒருவர் இருப்பார். அவர் அந்த மேசைக்கு வாடகை கொடுக்காத குடித்தனக்காரர்.

இரண்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. எழும்போதெல்லாம் டீச்சர் இரண்டு பன்களைக் காகிதப் பையில் போட்டு, "வீட்டுக்குக் கொண்டு போங்க, சுங் சார்" என்று நீட்டுவார். அந்தப் பைகளின் சூட்டில்தான் சுங்கின் காதல் வளர்ந்தது. ஆயினும் வாய் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. டீச்சர் வேறு எல்லாரிடமும் கலகலப்பாகப் பேசிவிட்டு, தம்மிடம் மட்டும் ஒரு சாண் தள்ளி நிற்பதுபோலப் பேசுவது ஏன் என்றும் அவருக்கு விளங்கவில்லை.

நவம்பர் முதல் ஞாயிறன்று டீச்சர் சொன்னார்: "வான்கூவர்லேர்ந்து பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. இங்க எனக்கு என்ன இருக்கு? வர்ற வாரம் சரின்னு சொல்லிடலாம்னு பாக்கறேன்."

சுங்கின் வாயில் இருந்த இறால் கொழுக்கட்டை அங்கேயே நின்றுவிட்டது.

அந்த வாரம் முழுவதும் டிராம் ஓட்டியபடியே ஒரே வாக்கியத்தை ஒத்திகை பார்த்தார். ஒரு நிறுத்தத்தில் குரல் சற்று உரத்துவிட்டது. "என்னைக் கல்யாணம் பண்ணிக்க உங்களுக்குச் சம்மதமா?" என்று அவர் கண்ணாடியைப் பார்த்துக் கேட்ட நேரத்தில், கருவாட்டுக் கூடையுடன் முன்வாசல் வழியே இறங்கிக்கொண்டிருந்த அம்மாள் காசை உண்டியலில் போட்டுவிட்டு, "எனக்குச் சம்மதம்தான். எங்க வீட்டுக்காரரத்தான் ஒரு வார்த்தை கேக்கணும்" என்று சொல்லி இறங்கிப் போனார்.

ஞாயிறு வந்தது. சுங்கிடம் ஒரு திட்டம் இருந்தது. பன்றி ஈரல் வைத்த சியூ மாய் என்ற ஆவிக் கொழுக்கட்டை டீச்சருக்கு உயிர். ஞாயிறு மட்டுமே செய்வார்கள். அதிலும் சில கூடைகள்தாம். தள்ளுவண்டி சமையலறைக் கதவைத் தாண்டி முதல் தூணை எட்டுவதற்குள் காலியாகிவிடும். அதை வென்று வந்து டீச்சர் முன் வைத்து, ஆவி அடங்கும் முன் கேட்டுவிட வேண்டும்.

கதவு திறந்தது. எடுத்த பண்டத்துக்கு முத்திரை வாங்கும் மேசைச் சீட்டுகளைக் கையில் பிடித்தபடி கூட்டம் பாய்ந்தது. வண்டி தள்ளும் ஹோ அக்காவின் குரல் மண்டபத்தைக் கிழித்தது. "தள்ளுங்க! சுடும், சுடும்! கால்மேல ஏத்துனா என்னைக் கேக்கக் கூடாது!"

"ஹோ அக்கா! ஈரல் சியூ மாய், ஒண்ணே ஒண்ணு!" என்று கத்தினார் சுங்.

"இந்த ஒண்ணே ஒண்ணுதான்யா எல்லாரும் கேக்கறீங்க!"

ஒரு பருத்த மனிதரின் கை சுங்கின் தோளுக்கு மேலாக நீண்டது. சுங் பொறுக்கவில்லை. கடைசிக் கூடையைத் தாமே இழுத்து மூடியைத் திறந்தார். குபீரென்று கிளம்பிய ஆவியில் அவருடைய வலக்கை நடுவிரல் வெந்தது.

"ஐயே! ஊருக்கே பிரேக் போடற ஆளுக்குத் தன் கைக்குப் போடத் தெரியலையே!" என்று வைதுகொண்டே ஹோ அக்கா மருந்தைத் தடவி, துணியைச் சுற்றோ சுற்றென்று சுற்றினார். விரல் விறைத்து நிற்கும் பெரிய ஸ்பிரிங் ரோல் ஆயிற்று. ஆனால் கூடை சுங்கின் வசம் இருந்தது. மாலை சூட்டப்பட்ட வீரரைப்போல மேசைக்குத் திரும்பினார்.

டீச்சர் வழக்கம்போல அவருடைய கிண்ணத்தில் தேநீர் ஊற்றத் தொடங்கினார். ஊற்றுகிறவருக்கு மேசையில் விரலைத் தட்டி நன்றி சொல்வது முறை. சுங் எப்போதும் சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்த்துத் தட்டுவார். அன்று நடுவிரல் வானத்தைப் பார்த்து நின்றதால் சுட்டுவிரல் மட்டும் தட்டியது.

டீச்சர் அந்த ஒற்றை விரலையே பார்த்தார். ஊற்றிக்கொண்டே பார்த்தார். தேநீர் விளிம்பைத் தாண்டி, மேசைத் துணியைத் தாண்டி, கிழவர் கூவின் பந்தயப் பக்கத்துக்குள் பாய்ந்தது.

"எப்போ?" என்றார் டீச்சர், தழுதழுத்த குரலில்.

"இப்பத்தான் டீச்சர். மூடியைத் திறந்தப்போ."

"அதக் கேக்கல. அவங்க எப்போ தவறினாங்க?"

"யாரு?"

"உங்க வீட்டம்மா."

சுங் தம் பின்னால் வேறு எவரேனும் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார். "எனக்கு ஏது டீச்சர் வீட்டம்மா?"

"பின்ன ரெண்டு வருஷமா ரெண்டு விரலால தட்டினீங்களே! எங்கம்மா ஊரு ஷுன்டக்ல துணை இருக்கறவங்கதான் ரெண்டு விரலால தட்டுவாங்க. துணை இல்லாதவங்க ஒண்ணாலதான். அவர் போனதுலேர்ந்து நானே ஒண்ணாலதானே தட்டறேன்!"

"எங்க டிப்போல எல்லாரும் ரெண்டு விரலாலதான் தட்டுவாங்க. நானும் தட்டினேன். நீங்க ஒண்ணால தட்டறத, தையல் டீச்சரு, நளினமாத் தட்டறாங்கன்னு நெனச்சேன்!"

"அப்போ நான் அவங்களுக்குன்னு குடுத்து விட்ட பன்னெல்லாம்?"

"அவங்களுக்கா? நான் படி இறங்கறதுக்குள்ள தின்னுடுவேனே!"

டீச்சர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைகள் திரும்பின. கிழவர் கூ நனைந்த தாளைப் பிழிந்தார். "என் குதிரை முழுகிப் போச்சு. யோவ் சுங்கு, கேக்க வேண்டியத இப்பவாவது கேட்டுத் தொலையும். நானும் ரெண்டு வருஷமா இந்தத் தாளுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுக் காத்திருக்கேன்."

வாரம் முழுக்க ஒத்திகை பார்த்த வாக்கியம் அந்த நொடியில் ஓடிப்போயிற்று. சுங்கின் வாயில் வந்தது இவ்வளவுதான்: "வான்கூவர்ல ஈரல் சியூ மாய் கிடைக்காது, டீச்சர்."

"இதுவா கேள்வி?" என்று முனகினார் கூ.

சுங் கூடையை டீச்சர் பக்கம் நகர்த்தினார். "நானும் கிடைக்க மாட்டேன்."

டீச்சர் ஒரு சியூ மாயை எடுத்து வாயில் போட்டு நிதானமாக மென்று முடித்தார். சுங்குக்கு அந்த மெல்லல் டிராமின் முழுப் பாதை அளவுக்கு நீண்டது. பிறகு அடுத்ததை எடுத்தார். சுங்கின் கையால் குச்சிகளைப் பிடிக்க முடியாததைக் கண்டு, ஊரே பார்க்க அதை அவருடைய வாயில் ஊட்டினார்.

"பொண்ணுகிட்ட வரலன்னு சொல்லிடறேன். ஆனா ஒண்ணு. இனிமே வண்டிக்குப் பின்னாடி நான் ஓடறேன். நீங்க உக்காந்து இடத்தப் பிடிங்க."

மண்டபத்தின் மறுகோடியிலிருந்து ஹோ அக்கா, "அந்த விரலைக் கட்டினது நானு! கல்யாணச் சாப்பாட்டுல எனக்கு முதல் மேசை!" என்று கத்தினார்.

திருமணம் ஏப்ரலுக்கு நிச்சயமாயிற்று. நடுவில் சீனப் புத்தாண்டு வந்தது. மணமானவர்கள் மணமாகாதவர்களுக்குச் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுக்கும் நாள். மணமாகாதவருக்கு எத்தனை வயதானாலும் விலக்கு இல்லை. சென்ற ஆண்டு மணமுடித்த அண்ணன் மகள் இரு கைகளாலும் உறையை நீட்டி, "சித்தப்பா, நல்லாப் பாத்துக்கோங்க, இதான் கடைசி. அடுத்த வருஷம் நீங்க மத்தவங்களுக்குக் குடுக்கற கட்சி" என்றாள். சுங் வெட்கத்தில் காதுவரை சிவந்து, உறையையும் வாங்கிக்கொண்டார்.

சுங் பாக்-லியூங், மணமாகாதவர் என்ற முறையில் சிவப்பு உறையைக் கடைசியாகக் கைநீட்டிப் பெற்றது, 2004 ஜனவரி 22, வியாழக்கிழமை.